இரு சதுப்புப் பாசிகள்

ஒன்றுபோல் தோன்றுவன யாவும் ஒன்றாகா. உற்று நோக்குவார்க்கே அவற்றின் வேற்றுமை புலனாகும். ஸ்காட்லாந்து நாட்டுச் சதுப்பு நிலங்களில் வளரும் இரு பாசிகள் இவ்வுண்மைக்குச் சான்றாவன.

சதுப்புப் பாசிகளின் பேரினத்திற்கு ஸ்பாக்னம் என்பது பெயர். அதனுள் பாப்பில்லோசம், பலுஸ்ட்ரே என்னும் இரண்டும் உடன்பிறந்தார் போல்வன. இரண்டும் பருத்த கிளைகளை உடையன. இரண்டின் இலைகளும் தோணிபோல் குழிந்து, நுனியில் முக்காடிட்டாற்போல் வளைந்திருக்கும்.

இனி, வேற்றுமை காண்போம். பாப்பில்லோசம் காவி கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் கிளைகள் குறுகி முனை மழுங்கியிருக்கும். பலுஸ்ட்ரே பெரும்பாலும் வெளிர்பச்சையானது. அதன் கிளைகள் கூம்பி நீளும். முன்னது திறந்த சதுப்பை விரும்பும். பின்னது ஈரக்காட்டின் மரநிழலிலும் தழைக்கும்.

எனினும், நிறம் இடத்திற்கேற்ப மாறுமாதலின் அதனை மட்டும் நம்பித் துணிதல் கூடாது. நுண்பெருக்கியே ஐயம் அகற்றும். இலையில் ஒடுங்கிய பச்சை அறைகளும், அவற்றினிடையே உயிரற்ற அகன்ற வெற்றறைகளும் உள்ளன. பாப்பில்லோசத்தில், பச்சை அறையை ஒட்டிய வெற்றறைச் சுவரில் நுண்ணிய பருக்கள் காணப்படும். பலுஸ்ட்ரேயில் அச்சுவர் பெரும்பாலும் வழவழப்பாயிருக்கும். முன்னதன் பெயரே அப்பருக்களைக் குறிப்பது. பின்னதன் பெயர் இலத்தீனில் 'சதுப்பிற்குரியது' எனப் பொருள்படும்.

இத்துணை நுட்பம் அறிவதால் யாது பயன் என வினவலாம். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. காயங்களுக்கு இடும் பஞ்சு போதவில்லை. சதுப்புப் பாசியோ தன் உலர்ந்த எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரைத் தன் வெற்றறைகளில் ஏற்கவல்லது; பஞ்சு 5 அல்லது 6 மடங்கே ஏற்கும். பாசியின் புளிப்புத் தன்மை நோய்க்கிருமிகளின் பெருக்கத்தையும் தடுக்கும். ஆயினும், எல்லா ஸ்பாக்னங்களும் இப்பணிக்கு ஒரேயளவில் ஏற்றவையல்ல. அறுவை மருத்துவர் சார்லஸ் காத்கார்ட்டும் தாவர நூல் வல்லார் ஐசக் பெய்லி பால்ஃபோரும் சிறந்தனவாகத் தேர்ந்தவை இவ்விரண்டுமே. ஊர்மக்கள் சதுப்பில் இறங்கி இவற்றைத் திரட்டினர். 1918-இல் மாதந்தோறும் சுமார் 10 இலட்சம் பாசிக் கட்டுகள் பிரிட்டனிலிருந்து மருத்துவமனைகளுக்குச் சென்றன.

ஒன்றை மட்டும் அறிந்தவன் திறந்த சதுப்போடு நின்றுவிடுவான். இரண்டையும் அறிந்தவனே மரநிழலிலும் மருந்தைக் காண்பான். மாணவர்காள்! காலடியில் கிடக்கும் சிறு பசுமையையும் பெயரறிந்து, வேறுபாடறிந்து நோக்குமின். அந்நோக்கு ஒருநாள் ஓர் உயிரையும் காத்தல் கூடும்.