எண்ணூரும் லே நகரமும்

1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றி, எண்ணூரில் தொழிற்சாலை கண்ட அசோக் லேலண்ட் கம்பெனியார் அமைத்த ஹைட்ரஜன் பஸ், 2023-இல் லடாக்கின் லே நகரில் வெள்ளோட்டம் விடப்பட்டது. சுதேசத் தொழிலில் பற்றுள்ளோர் மகிழ்வர், நாமும் மகிழ்கிறோம். ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுவது விவேகமாகாது.

இவ்வண்டி புகை கக்குவதில்லை. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி மின்சாரம் பிறக்க, எஞ்சுவது நீரே. எண்ணூரில் அந்நீரால் தீங்கில்லை. பதினோராயிரம் அடிக்கு மேலுள்ள லேயிலோ, பனிக்கால இரவில் கலத்தினுள் தங்கிய நீர் உறைந்து மெல்லிய சவ்வைச் சிதைக்கவும், வாயு செல்லும் வழியை அடைக்கவும் கூடும். ஆகையால் வண்டியை நிறுத்துங்கால் காற்றை ஊதி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். காலையில் கலம் சூடேறும் வரை பொறுக்க வேண்டும்.

வெயில் நாட்டார் செய்த வண்டிக்குப் பனியே பரீட்சை. அதில் கண்ட குறை நிறைகளைச் சர்க்கார் ஸ்தாபனமாகிய என்.டி.பி.சி. விவரமாக வெளியிடுதல் கடமை. பொதுப்பணத்தில் நடந்த பரீட்சையின் முடிவு ஜனங்களுக்கே உரியது.

இன்னொன்றும் கேட்கிறோம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுக லாரிகளின் டீசல் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு உறைபனி என்னும் இடையூறே இல்லை. சூரிய சக்தியால் பிரித்த ஹைட்ரஜனை அந்த லாரிகளில் சோதித்துப் பார்க்கத் தாமதம் ஏன்?