குழந்தையின் ஆங்கிலச் சொல்வளம்: வீட்டுத் தமிழே முதல்

கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் தமிழ்க் குழந்தையின் ஒரு நாளில் நான்கு மொழிகள் வந்து போகின்றன. வீட்டில் அம்மாவிடம் தமிழ், தெருவிலும் பேருந்திலும் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம், இடையே ஒரு பாடவேளையில் இந்தி. பத்மநாபசுவாமி கோயிலுக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் அருகே தலைமுறைகளாக வாணிகம் செய்துவரும் குடும்பங்களுக்கு இது புதிதன்று. ஆயினும், குழந்தையின் ஆங்கிலக் குறிப்பேட்டில் சிவப்பு மைக் கோடுகள் பெருகும்போது, அவ்வீடுகளில் ஒரு கவலை எழுகிறது. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையோ என்பதே அது. சில வீடுகளில் இக்கவலையின் விளைவாகத் தமிழ்ப் பேச்சே குறைந்துபோகிறது. ஆங்கிலம் அறியாத தாய், இதில் தமக்குப் பங்கில்லை என்று விலகி நிற்கிறார்.

வங்கியின் முகப்பில் நாள்தோறும் எண்ணோடும் எழுத்தோடும் பழகிவரும் நாம், இக்கவலைக்கு வேறொரு விடை உண்டு என்று கூற விரும்புகிறோம். வீட்டு மொழி ஆங்கிலத்துக்குத் தடையன்று, அதுவே முதல். இருக்கும் முதலைக் கலைத்துவிட்டு எவரும் வணிகம் தொடங்குவதில்லை. அம்முதலைக் கொண்டு பிள்ளையின் ஆங்கிலச் சொல்வளத்தையும் எழுத்துக்கூட்டையும் எவ்வாறு வளர்ப்பது என்பதை இங்குப் பார்ப்போம்.

இடறும் இடம் எது?

தமிழில் ஒரு சொல்லைப் பிழையின்றி ஒலிக்கத் தெரிந்தால், பெரும்பாலும் அதனை எழுதவும் தெரியும். ஆங்கிலம் அப்படியன்று. அதன் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. ஆகவே ஓரெழுத்தே பல ஒலிகளைச் சுமக்கிறது. 1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபின், சொற்களின் எழுத்துருவம் மெல்ல மெல்ல நிலைபெறத் தொடங்கியது. மக்களின் ஒலிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே சென்றது. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்னும் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் 'கே' நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு காலத்தில் அவ்வெழுத்து உண்மையாகவே ஒலித்தது.

தமிழ்க் குழந்தைக்கு உரிய சில இடறல்களும் உண்டு. தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய்யெழுத்துகள் சேர்ந்து வாரா. வல்லின மெய்யில் சொல் முடிவதும் இல்லை. இதனால்தான் நம் நாவில் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. 'பேங்க்' என்பது 'பேங்கு' ஆகிறது. ஒலித்தபடியே எழுத முயலும் குழந்தை, முன்னே ஓர் 'ஐ'யையும் பின்னே ஒரு 'யு'வையும் சேர்த்துவிடுகிறது. 'பி' எழுத்துகள் இரண்டும் தமிழில் ஒரே வரிவடிவத்தில் அடங்கிவிடுவதால், பழத்தைக் குறிக்கும் 'பேர்', கரடியைக் குறிக்கும் 'பேர்' ஆகிய இரண்டிலும் தயக்கம் உண்டாகிறது.

இவை மந்தத்தின் அறிகுறிகள் அல்ல. தன் மொழியின் இலக்கணத்தைக் குழந்தை நன்கு அறிந்திருப்பதன் அடையாளங்கள். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் திருத்துவது எளிது. திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. மலையாள எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. அதைக் கற்ற குழந்தையிடம், "இந்தப் 'பி' மலையாளத்தில் எந்த எழுத்து?" என்று கேட்டாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

ஒலியா எழுத்துக்கும் பொருள் உண்டு

எழுத்துக்கூட்டை வெறும் மனப்பாடமாகக் கற்பிக்கும்போதுதான் அது சுமையாகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் உறவினர் உண்டு என்று காட்டினால், சுமை பாதியாகும். நம் வங்கியில் வழங்கும் மூன்று சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லின் நடுவே ஒலிக்காத 'பி' ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் அவ்வெழுத்து இல்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலத்து அறிஞர்கள் அதனைச் சேர்த்தனர். பாஸ்புக்கில் பற்று என்னும் பொருளில் வரும் 'டெபிட்' அதே குடும்பத்துச் சொல். அங்கே 'பி' தெளிவாக ஒலிக்கிறது.

ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்பதில் ஒலியாத மற்றொரு 'பி' உண்டு. வரவேற்பைக் குறிக்கும் 'ரிசெப்ஷன்' என்னும் சொல்லில் அது ஒலிக்கும். கையெழுத்திடுவதைக் குறிக்கும் 'சைன்' என்பதில் 'ஜி' மறைந்து நிற்கும். 'சிக்னேச்சர்' என்னும்போது வெளிப்படும்.

ஒரு சொல்லில் ஊமையாக இருக்கும் எழுத்து, அதன் உறவுச் சொல்லில் பேசும். இதனை ஒருமுறை கண்டுகொண்ட குழந்தை, அடுத்த ஊமை எழுத்தைக் காணும்போது அதன் உறவைத் தேடத் தொடங்கும். எழுத்துக்கூட்டும் சொல்வளமும் அங்கே ஒன்றாக வளர்கின்றன.

முப்பத்தொரு சொற்கள்

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கிறோம். இரண்டும் வேறுபட்டால் எது செல்லும்? எழுத்தால் குறித்த தொகையே செல்லும் என்கிறது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. நடைமுறையில் அத்தகைய காசோலை திருப்பி அனுப்பப்படவும் கூடும். ஆகவே எண்ணுப்பெயர்களைப் பிழையற எழுதுவது, பள்ளி மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய திறன்.

அதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்? ஒன்று முதல் பத்தொன்பது வரை 19. இருபது முதல் தொண்ணூறு வரையிலான பத்துகளுக்கு 8. நூறு, ஆயிரம், இலட்சம், கோடி ஆகியவற்றுக்கு 4. ஆக மொத்தம் 31 சொற்கள். இவற்றைக் கொண்டு ஒரு ரூபாய் முதல் கோடிகள் வரை எந்த முழுத் தொகையையும் எழுதிவிடலாம். இளம் மாணவர் ஒருவர் ஒரு மாதத்தில் முழுமையாகக் கைக்கொள்ளக்கூடிய சொற்பட்டியல் இது.

இதிலும் உறவுமுறையே துணை. 'ஃபோர்', 'ஃபோர்ட்டீன்' ஆகிய இரண்டிலும் 'யு' உண்டு, 'ஃபார்ட்டி'யில் இல்லை. பெரியவர்களின் காசோலைகளிலும் அடிக்கடி காணப்படும் பிழை இது. 'நைன்', 'நைன்டீன்', 'நைன்டி' ஆகிய மூன்றிலும் 'இ' நிற்கும். ஒன்பதாவது என்னும் பொருளுடைய 'நைன்த்' என்பதில் மட்டும் அது மறையும். 'டூ'வில் ஒலியாத 'டபிள்யூ', 'ட்வெல்வ்', 'ட்வென்டி', 'ட்வின்' ஆகியவற்றில் ஒலிக்கும். இவை யாவும் இரண்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'ஹண்ட்ரட்' என்பதன் இறுதி மூன்று எழுத்துகள் சிவப்பைக் குறிக்கும் 'ரெட்'. 'தௌசண்ட்' என்பதன் இறுதி நான்கு எழுத்துகள் மணலைக் குறிக்கும் 'சாண்ட்'. நூறில் சிவப்பும் ஆயிரத்தில் மணலும் இருப்பதைக் கண்ட குழந்தை அவ்விரு சொற்களையும் எளிதில் மறப்பதில்லை.

சாலையில் கிடைக்கும் ஆங்கிலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு, இன்றும் நம் பகுதியின் பெரிய சந்தை. அங்கு விற்கும் பொருள்கள் பலவற்றின் ஆங்கிலப் பெயர்கள் நம் மொழிகளிலிருந்து சென்றவை. கயிறு 'காயர்' ஆயிற்று. கொப்பரை 'கோப்ரா' ஆயிற்று. மாங்காய் 'மேங்கோ'வாகவும், வெற்றிலை 'பீட்டல்' ஆகவும், அடைக்காய் 'அரிக்கா'வாகவும், மலையாளத்துச் சக்கை 'ஜாக்' ஆகவும் போர்த்துக்கீசிய வணிகர் வாயிலாக உருமாறின. கறி 'கரி' ஆனதை உலகமே அறியும். இத்தகைய சொற்களைத் திரட்டி யூல், பர்னெல் என்னும் இருவர் 1886ஆம் ஆண்டில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் பேரகராதியை வெளியிட்டனர்.

காசும் அவ்வாறே. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சிறு நாணயத்தைக் குறித்த 'காசு' ஆங்கிலத்தில் 'கேஷ்' எனவும், 'பணம்' என்பது 'ஃபேனம்' எனவும் எழுதப்பட்டன. ரொக்கத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்', பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரு வேறு ஊற்றுகள் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து கலந்தன.

எழுத்துக்கூட்டு விதிகளையும் இதே கடைகளில் கற்பிக்கலாம். எண்ணெய் 'ஆயில்', நாணயம் 'காயின்', கயிறு 'காயர்'. மூன்றிலும் 'ஓ', 'ஐ' என்னும் இரண்டெழுத்துகள் இணைந்து வருகின்றன. பூண்டு 'கார்லிக்', இஞ்சி 'ஜிஞ்சர்'. இரண்டும் 'ஜி' என்னும் எழுத்தில்தான் தொடங்குகின்றன. 'ஏ', 'ஓ', 'யு' ஆகியவற்றின் முன் அவ்வெழுத்து வன்மையாகவும், 'இ', 'ஐ' ஆகியவற்றின் முன் பெரும்பாலும் 'ஜ' என்றும் ஒலிக்கும். 'கெட்', 'கிவ்' போன்ற விலக்குகளைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.

நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு நம் நகரின் பெயரே நல்ல பயிற்சி. ஆங்கிலேயர் சுருக்கி வழங்கிய 'டிரிவேண்ட்ரம்' நீங்கி, 1991இல் 'திருவனந்தபுரம்' என்பதே ஆங்கிலத்திலும் அதிகாரப்பூர்வ வடிவமாயிற்று. ஆங்கிலத்தில் அதற்கு 18 எழுத்துகள். திரு, அனந்த, புரம் என்று தமிழில் பிரித்துக் காட்டி, முதலிரண்டின் நடுவே உடம்படுமெய்யாக ஒரு 'வி' வருகிறது என்று விளக்கினால், எந்தப் பிள்ளையும் அதனைப் பிழையின்றி எழுதும். நெடுஞ்சொல்லை உறுப்புகளாகப் பிரித்து அறியும் இப்பழக்கம் தமிழிலக்கணம் நமக்குத் தந்தது. ஆங்கிலத்திலும் அது அப்படியே பயன்படும்.

இந்நகரில் 1834ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கப்பெற்ற ஆங்கிலப் பள்ளி, பின்னர் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. அங்குத் தத்துவம் போதித்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவி, 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தமிழுக்குத் தந்தார். ஆங்கிலத்தில் ஆழ்ந்தவருக்குத் தமிழ் குறைந்துவிடவில்லை. தமிழில் ஊன்றியவருக்கு ஆங்கிலமும் அகப்படாமற் போகவில்லை.

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள்

இனி வீட்டில் செய்யத்தக்க முறையைக் கூறுகிறோம். இதற்குத் தனி வகுப்பும் கட்டணமும் வேண்டா. நூறு பக்கக் குறிப்பேடு ஒன்று போதும்.

நாள்தோறும் ஐந்து சொற்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்று பாடநூலிலிருந்தும், இரண்டு வீட்டிலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ப் பொருள், ஓர் உறவுச் சொல், ஒரு சிறு வாக்கியம் ஆகியவற்றைக் குழந்தையே எழுதட்டும்.

அடுத்து, பார்த்தல், சொல்லுதல், மறைத்தல், எழுதுதல், ஒப்பிடுதல் என்னும் ஐந்து படிகள். பார்த்துப் பத்துமுறை எழுதுவது கைக்குப் பயிற்சியாகும். மறைத்துவிட்டு ஒருமுறை எழுதுவதே நினைவுக்குப் பயிற்சியாகும்.

கற்ற சொல்லை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் கேளுங்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு, கற்றவை முதல் சில மணி நேரத்திலேயே மிகுதியாக மறந்துபோவதையும், இடைவெளி விட்டு மீளக் கற்பது நினைவை நிலைக்கச் செய்வதையும் காட்டியது. தேர்வுக்கு முந்திய இரவில் ஐம்பது சொற்களைத் திணிப்பதைவிட, தொடர் வைப்புக் கணக்கைப் போல நாளுக்குச் சிறிதாகச் சேர்ப்பதே பயன் தரும்.

இம்முறையில் ஆங்கிலம் அறியாத தாய்க்கும் முழுப் பங்கு உண்டு. அவர் தமிழ்ச் சொல்லைக் கூறுவார்; குழந்தை ஆங்கிலச் சொல்லை எழுதும். பாடநூலில் உள்ளதற்கும் குழந்தை எழுதியதற்கும் எழுத்து எழுத்தாக ஒப்புமை பார்க்க ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. பிழை கண்டால் சொல் முழுவதையும் அடிக்காமல், தவறிய எழுத்தின் கீழ் மட்டும் கோடிடுங்கள். ஏழெழுத்துச் சொல்லில் ஆறு சரியாக இருந்தால், அந்த ஆறுக்கும் பாராட்டு உரியது. 'ஃபார்ட்டி'யில் 'யு' சேர்த்த குழந்தை சிந்தித்துத்தான் எழுதியிருக்கிறது. அச்சிந்தனையைக் கடிந்து அணைத்துவிடாதீர்கள்.

எழுதிய சொல்லுக்கு ஒரு பயனும் இருக்கவேண்டும். மளிகைப் பட்டியலைக் குழந்தை இருமொழியிலும் எழுதட்டும். வங்கிக்கு வரும்போது சலானை நிரப்பும் பொறுப்பை அதனிடம் ஒப்படையுங்கள். பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. தொகை வரம்பையும் நிபந்தனைகளையும் அந்தந்த வங்கி வகுக்கும். அதற்குக் குறைந்த வயதினருக்குத் தாயோ தந்தையோ காப்பாளராக இருந்து கணக்குத் தொடங்கலாம். தன் பெயரிலுள்ள கணக்கில், தன் கையால் தொகையை எழுத்தில் எழுதிச் செலுத்தும் குழந்தைக்கு எழுத்துக்கூட்டு வெறும் பாடமாகத் தோன்றாது. சலானில் பிழை நேர்ந்தால் புதிய சலான் ஒன்றை நம் கிளையில் கேட்டுப் பெறலாம்.

இவ்வாரம் சாலைக்குச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் பையிலுள்ள பொருள்களில் ஐந்தின் பெயர்களைத் தமிழில் நீங்கள் சொல்ல, ஆங்கிலத்தில் அது எழுதட்டும். குறிப்பேட்டின் முதற்பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.