அம்மா காலை நீட்டிப் படுக்கணும்: பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டைக் கம்மி விலையில் பிடிப்பது எப்படி?

இன்னைக்கு எபிசோடு தலைப்பைப் பார்த்துட்டு, "பய பெரிய ஆளாயிட்டான்"னு நினைக்காதீங்க. இதுவரைக்கும் நான் பறந்தது எல்லாமே எகானமிதான், அதுவும் பாத்ரூமுக்குப் பக்கத்து சீட்.

விஷயம் இதுதான். லண்டன்ல இருக்குற அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. அம்மா போகணும். ஆனா அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம்தான் ஆச்சு. "ரொம்ப நேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது"ன்னு டாக்டர் சொல்லிட்டார். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானமே பத்து மணி நேரத்துக்கு மேல. அதுல பிசினஸ் கிளாஸ் போக வர எனக்குக் காட்டின விலை 3,20,000 ரூபாய். அம்மாகிட்ட சொல்லியிருந்தா பயணமே கேன்சல். அதனால மூணு வாரம் உட்கார்ந்து இந்த விலை எப்படி வேலை செய்யுதுன்னு நோண்டினேன்.

தூரத்துக்கு விலை இல்லை

நம்ம மனசுல ஆட்டோ மீட்டர் மாதிரி ஒரு கணக்கு இருக்கு: தூரம் கூடினா காசு கூடும். விமானத்துல அப்படி இல்லை. எங்கிருந்து எங்கே போறீங்க, அந்த ஜோடிக்கு எத்தனை பேர் போட்டி போடுறாங்க, அதுதான் விலை. நேரடி விமானத்துல பெரும்பாலும் கம்பெனி காசுல போறவங்க உட்காருவாங்க. அவங்களுக்கு நேரம் முக்கியம், விலை இல்லை. அதனால அந்த விலை இறங்காது. துபாய், தோஹா, அபுதாபி வழியா கூட்டிட்டுப் போறவங்க, நம்மள சுத்திப் போக வைக்கிறதுக்காக விலையைக் குறைக்கிறாங்க. அதிக தூரம், கம்மி காசு.

இதே லாஜிக்தான் கிளம்புற ஊருக்கும். சில சமயம் அதே நிறுவனம், அதே விமானம், ஆனா கொழும்புல இருந்து ஆரம்பிச்சா சென்னை விலையை விடக் குறைவா வரும். வரியும் மாறும். இந்தியாவுல கிளம்புற டிக்கெட்டுக்கு எகானமின்னா ஜிஎஸ்டி 5%. அதுக்கு மேல உள்ள வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 12%-ல இருந்து 18% ஆக்கிட்டாங்க. லண்டன்ல இருந்து கிளம்பும்போது பிரிட்டன் போடுற பயணி வரியும் எகானமியை விட பிசினஸுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அதனால எப்பவும் கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்க.

கொழும்பு ஐடியாவை நான் கைவிட்டேன். ஏன்னா அங்க போக தனி டிக்கெட் எடுக்கணும். அந்த முதல் விமானம் லேட்டானா, ரெண்டாவது விமானத்துக்காரங்களுக்குப் பொறுப்பு கிடையாது. இளவட்டம்னா ரிஸ்க் எடுக்கலாம், புது மூட்டு வச்ச அம்மாவை வச்சு எடுக்கக் கூடாது. இன்னொண்ணு: ஒரே டிக்கெட்ல முதல் கட்டத்துல ஏறலைன்னா, மிச்சப் பயணம் முழுக்க ரத்தாகிடும்.

ஒரே சீட், பல விலை

பிசினஸ் கிளாஸ்ங்கிறது ஒரு விலை இல்லை. உள்ளுக்குள்ள ஜே, சி, டி, இசட்னு எழுத்து வச்சு பல அடுக்கு இருக்கும். எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மலிவான அடுக்குல சில சீட்தான் விடுவாங்க. அதனால ஒரு டிப்: நாலு பேர் போறதா இருந்தாலும் முதல்ல ஒருத்தருக்குத் தேடிப் பாருங்க. மலிவு அடுக்குல மூணு சீட்தான் மிச்சம்னா, நாலு பேருக்கும் சேர்த்து மேல் அடுக்கு விலையைக் காட்டிடும்.

நம்ம ஆட்களுக்கு ஒரு குட்டித் தகவல். எம்ஐடி ஆட்கள் 1996-ல ஆரம்பிச்ச ஐடிஏ சாஃப்ட்வேர்ங்கிற கம்பெனிதான் இந்தக் கட்டண விதிகளைத் தேடுற எஞ்சினை எழுதினது. அங்க வேலை பார்த்த கார்ல் டி மார்க்கன், இந்த விதிகளோட பொதுவான வடிவத்துல மிக மலிவான டிக்கெட்டைக் கண்டுபிடிக்கிறது கணினியால தீர்க்கவே முடியாத வகைக் கணக்குன்னு காட்டினார். அந்தக் கம்பெனியை 70 கோடி டாலருக்கு 2011-ல கூகுள் வாங்கி முடிச்சுது. அதனால ஒரு சைட்ல ஒரு தடவை தேடிட்டு "இதுதான் கம்மி"ன்னு நம்பாதீங்க. கூகுள் ஃப்ளைட்ஸ்ல காலண்டரைத் திறந்து தேதியை நகர்த்திப் பாருங்க. ஐடிஏ மேட்ரிக்ஸ்ல டிக்கெட் வாங்க முடியாது. ஆனா எந்த அடுக்கு, எவ்வளவு வரின்னு பிரிச்சுக் காட்டும்.

நான் மாட்டின இடம்

ரெண்டாவது வாரம் 1,40,000-க்கு ஒரு "பிசினஸ்" டிக்கெட் கண்ல பட்டுச்சு. சந்தோஷத்துல உடனே புக் பண்ணிட்டேன். அப்புறம்தான் படிச்சேன்: நாலு மணி நேர சென்னை விமானம் பிசினஸ், ஏழரை மணி நேர லண்டன் விமானம் எகானமி. கேன்சல் பண்ணதுல 11,000 ரூபாய் போச்சு. விவரம் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சு, சின்ன எழுத்துல.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா வகுப்பைப் பாருங்க. விமான மாடலையும் பாருங்க. முழுசா படுக்கையாகுற சீட்டும் பிசினஸ்தான், லேசா சாயுற சீட்டும் பிசினஸ்தான்.

பாயின்ட்ஸும் ஏலமும்

கார்டு பாயின்ட்ஸை விமான மைல்களா மாத்தலாம். மாத்தினா பொதுவா திரும்பி வராது. அதனால சீட் இருக்கான்னு பார்த்துட்டு மாத்துங்க. "இலவச" டிக்கெட்லயும் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தை ஆயிரக்கணக்குல போடும். எகானமி வாங்கிட்டு ஏலம் கேட்டு மேல ஏறலாம். ஆனா கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை, மலிவான எகானமி டிக்கெட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லாமலும் போகலாம். எனக்கு உத்தரவாதம் வேணும், அதனால ரெண்டையும் விட்டேன்.

கடைசியா, கிளம்புற நாளை ஞாயிறுல இருந்து புதனுக்கு மாத்தினேன். வளைகுடா வழியா, போக வர, லண்டன் கட்டம் ரெண்டு பக்கமும் படுக்கை சீட்: 1,86,000. அக்காவும் நானும் பாதிப் பாதி. சக்கர நாற்காலி உதவியையும் சேர்த்தேன். அது எகானமிக்கும் இலவசம்தான், புக் பண்ணும்போதே கேளுங்க.

விலையை அம்மாகிட்ட மறைக்கலாம்னு நினைச்சேன். அக்கா உளறிட்டா. "அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் வாங்கியிருக்கலாமேடா"ன்னு ரெண்டு நாள் பேசலை. லண்டன்ல இறங்கி போன் பண்ணாங்க. முதல் வார்த்தை, "கால் வீங்கலைடா." எனக்கு அது போதும்.

எல்லாருக்கும் இது தேவை இல்லை. முதுகும் முழங்காலும் நல்லா இருக்குறப்போ எகானமியே போதும். தேவைப்படுற அன்னைக்கு, முதல்ல காட்டுற விலையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.