பர்ஸ் காலியாகாமல் நாடகம் பார்க்க வழி உண்டு!

குடும்பத்தோடு ஒரு சினிமா. டிக்கெட், இடைவேளையில் பாப்கார்ன், வண்டி நிறுத்தக் கட்டணம். வீடு திரும்பும்போது சட்டைப்பை காலி. மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? பேசாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து விடுகிறார்.

ஆனால் அதே சாயங்காலம், அதே சென்னையில், சின்னச் சின்ன அரங்குகளில் நாடகங்கள் நடந்து கொண்டுதான் இருக்கின்றன. பல நாள் பாதி நாற்காலி காலி! டிக்கெட் விலை மட்டும் காரணம் அல்ல. நாடகம் நடக்கிற சங்கதியே பல பேருக்குத் தெரியாது.

ஊர் முழுக்க போஸ்டர் ஒட்ட சின்னக் குழுக்களிடம் காசு ஏது? தேடிப் போகிறவருக்குத்தான் நல்ல நாடகம் கிடைக்கும்.

எங்கே தேடுவது?

முதலில் சபாக்கள். ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலையில் நாரத கான சபா. தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் வாணி மகால். மயிலாப்பூரில் பைன் ஆர்ட்ஸ் கிளப். வாசலில் இருக்கும் போர்டை ஒரு தடவை நின்று படித்தால் போதும். எந்த நாள், எந்தக் குழு, என்ன நாடகம் என்று தெரிந்துவிடும்.

நாரத கான சபாவிலும் வாணி மகாலிலும் பெரிய அரங்கோடு சின்ன அரங்கும் உண்டு. பெரிய அரங்கில் கச்சேரி நடக்கும்போது சின்ன அரங்கில் நாடகம் நடந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. விசாரிக்க வேண்டும்.

சபா நாடகம் உறுப்பினருக்கு மட்டும்தான் என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்ப வேண்டாம். உறுப்பினர் அல்லாதவருக்கு அன்றைக்கு மட்டும் சீட்டு தரும் சபாக்கள் உண்டு. 'அனுமதி இலவசம்' என்று போர்டு தொங்கும் நாட்களும் உண்டு. ஆபீஸ் ரூமில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கோடை காலத்தில் கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா புதிய நாடகங்களுக்குப் பேர்போனது. ஒரே மேடையில் தினம் ஒரு குழு ஏறும். எந்தக் குழு எப்படி என்று எடை போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

சபா வாடை இல்லாத நாடகம் வேண்டுமா? நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் போகலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896ல் திறந்த கட்டடம். அங்கேயும் நாடகம் நடக்கிறது.

குமாஸ்தாக்கள் வளர்த்த மேடை

நாடகம் பெரிய மனிதர்களுக்கு என்று ஒதுங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். இந்த மேடையை வளர்த்ததே ஆபீஸ் வேலை பார்த்தவர்கள்தான்.

கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். பகலில் பைல், ராத்திரியில் ஒத்திகை. 'நீர்க்குமிழி'யும் 'மேஜர் சந்திரகாந்த்'தும் அப்படி மேடை ஏறி, பிறகு சினிமாவுக்குப் போனவை.

1977ல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி என்று சினிமாவுக்குப் போனவர்கள் பலர். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலைக்குப் போனவர்! நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவரை இன்றைக்குப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம் என்றால் அது லாபம்தானே?

போலீஸ் கெடுபிடி

சின்னக் குழுக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. 1954ம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் காட்டி, வசனத்தை முன்கூட்டியே போலீசில் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி கோர்ட்டுக்குப் போனார். அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு 2013ல் தீர்ப்புக் கூறியது.

போலீசைச் சமாளித்த குழுக்களுக்குக் காலி நாற்காலியைச் சமாளிக்க முடியவில்லை என்பதுதான் வேதனை.

மிச்சம் பிடிப்பது எப்படி?

சின்ன அரங்கில் கடைசி வரிசையும் முதல் வரிசை மாதிரிதான். முகமும் தெரியும், குரலும் கேட்கும். ஆகவே குறைந்த விலை டிக்கெட்டையே கேட்டு வாங்கலாம். 100, 200 ரூபாய்க்கு டிக்கெட் வைக்கும் குழுக்கள் இன்றைக்கும் உண்டு.

தலைக்கு 500 ரூபாய் வரை உள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் ஆன்லைனில் பதிவு செய்தால் தனிக் கட்டணம் ஏறலாம். அரங்கு வாசலிலேயே விற்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பொங்கல் சமயத்தில் அரசு நடத்தும் 'சென்னை சங்கமம்' விழாவில் தெருக்கூத்து போன்ற கலைகளைப் பூங்காவிலும் மைதானத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். 2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023ல் மறுபடி ஆரம்பித்த விழா இது.

தேறுமா, தேறாதா?

போர்டில் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எழுதியவர் யார், இது எத்தனையாவது தடவை மேடை ஏறுகிறது என்று கேளுங்கள். முதல் நாள் நாடகத்தில் வசனம் தடுமாறலாம், விளக்கு சொதப்பலாம். நாலைந்து தடவை நடந்த நாடகம் என்றால் மெருகு ஏறியிருக்கும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் கேட்டு வையுங்கள். ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கும் நாடகம் பெரும்பாலும் ஒன்பது மணி வாக்கில் முடிந்துவிடும். கடைசி பஸ்சுக்கு ஓட வேண்டியதில்லை.

ஓசி பாஸ் வேண்டாம்

இன்னொரு விஷயம். நாடகக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் "ஒரு பாஸ் கொடுப்பா" என்று கேட்பது நம் ஊர் பழக்கம். அங்கேதான் அடி விழுகிறது.

அரங்கு வாடகை, விளக்கு, மைக், மேக்கப், சாமான் ஏற்றும் வேன். அத்தனைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். பெரிய குழு என்றால் விளம்பரம் கிடைக்கும், சபா சம்பளம் கிடைக்கும். சின்னக் குழுவுக்கு வாசலில் விற்கும் டிக்கெட்தான் வரவு. ஐம்பது நாற்காலி காலியாக இருந்தால் நடிப்பவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டு ஈடு கட்ட வேண்டும். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை நாடகமே இருக்காது.

குறைந்த விலை டிக்கெட் வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த நூறு ரூபாய்தான் அடுத்த நாடகத்துக்கு அட்வான்ஸ்.