பழைய காருக்குப் புது சஸ்பென்ஷன்: செலவுக்கு முன் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் ஒர்க்‌ஷீட் புரோகிராமை மாதச் செலவுக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஒர்க்‌ஷீட்டைக் கொண்டு உங்கள் காரின் ஸ்பிரிங் எவ்வளவு கட்டியானது என்றும் கணக்கிடலாம். ஆயிரக்கணக்கில் பணத்தைப் போடும் முன், அந்தச் செலவு தேவைதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவின் பார்க்கிங்கில் புது கார்களுக்கு நடுவே பழைய ஃபோர்டு ஐகான் 1.6 கார்களைப் பார்க்க முடியும். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகரில் தயாராகி, 1999 இறுதியில் அறிமுகமான கார் இது. பார்வைக்குக் குடும்பக் கார்தான். ஆனால் வேகமாக ஓட்ட விரும்பியவர்கள் இதை ஸ்போர்ட்ஸ் காராகவே நினைத்து வாங்கினார்கள். அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2022ல் நின்றுவிட்டது. எனவே கையில் இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும். இவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஸ்பிரிங்கைக் கட்டியாக மாற்றி, காரைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாமா?"

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் அமுங்கி, மீண்டும் விரிகிறது. அதை அப்படியே விட்டால் கார் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதற்குள் இருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியாக நெருக்கிப் போகும்போது துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. ஷாக் சோர்ந்துவிட்டால் டயர் தரையை விட்டு எழும்பும். எழும்பிய டயரால் பிரேக் பிடிக்க முடியாது. ஆகவே இது சொகுசு பற்றிய விஷயம் மட்டுமல்ல, உயிர் பற்றிய விஷயமும்கூட.

ராம் போதாத கம்ப்யூட்டருக்குப் பெரிய மானிட்டர் வாங்கினால் வேகம் கூடுமா? சோர்ந்த ஷாக்கின் மேல் கட்டியான ஸ்பிரிங் போடுவதும் அப்படித்தான்.

கணக்கு 1: ஸ்பிரிங் எவ்வளவு கட்டி?

லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் போதும். எக்செல் இருந்தாலும் சரி. மெக்கானிக் ஸ்பிரிங்கைக் கழற்றும் நாளில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும்.

1. கம்பியின் தடிமன். உதாரணமாக 12 மி.மீ.
2. சுருளின் சராசரி விட்டம். வெளி விட்டத்திலிருந்து கம்பித் தடிமனைக் கழித்தால் கிடைக்கும். வெளி விட்டம் 152 என்றால் சராசரி விட்டம் 140 மி.மீ.
3. அமுங்கி விரியும் சுருள்களின் எண்ணிக்கை. உதாரணமாக 4.

இவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கட்டங்களில் டைப் செய்யுங்கள். நான்காவது கட்டத்தில் சமக்குறி போட்டு ஃபார்முலாவைத் தொடங்குங்கள். கட்டங்களின் பெயரை டைப் செய்ய வேண்டியதில்லை. அந்தந்தக் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்தாலே போதும். 79,000ஐக் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கால் பெருக்குங்கள். வந்ததை, 8 × விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × சுருள் எண்ணிக்கை என்ற பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். இந்தப் பெருக்கல் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். அடுக்குக்கு 6ஆம் எண் விசையின் மேல் உள்ள கூரைக் குறியைப் பயன்படுத்துங்கள். 79,000 என்பது எஃகின் விறைப்பைக் காட்டும் எண்.

என்டர் தட்டினால் 18.7 வரும். அதாவது இந்த ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 18.7 நியூட்டன், ஏறக்குறைய 1.9 கிலோ எடை வேண்டும். இப்போது 12ஐ அழித்து 13 என்று போடுங்கள். விடை 25.7 ஆகிவிடும். கம்பி ஒரே மில்லிமீட்டர் தடித்ததற்கு ஸ்பிரிங் 38 சதவீதம் இறுகிவிட்டது!

கணக்கு 2: கார் எப்படித் துள்ளும்?

எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். 630 கிலோ என்றால் ஒரு பக்கத்துக்கு 315. சக்கரம், பிரேக் ஆகியவற்றுக்குத் தோராயமாக 35 கழித்தால் 280 கிலோ. ஐகானின் முன்பக்கம் உள்ளதுபோல மேக்பர்சன் ஸ்ட்ரட் வகையில் ஸ்பிரிங்கின் பலம் ஏறக்குறைய அப்படியே சக்கரத்துக்குக் கிடைக்கும்.

18.7ஐ 1000ஆல் பெருக்கி, 280ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28ஆல் வகுங்கள். விடை 1.3. வினாடிக்கு 1.3 துள்ளல் என்று பொருள். பொதுவாகக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5க்குள் இருக்கும். 1.5 முதல் 2 வரை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு. அதற்கு மேல் ரேஸ் டிராக்குக்கு.

13 மி.மீ. கம்பி போட்டால் நம் கணக்கு 1.53 ஆகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் வழவழப்பான தாரில் இது சுகமாக இருக்கும். ஆனால் தினமும் போவது பழைய மகாபலிபுரம் சாலையில். மெட்ரோ பணிக்காகத் தோண்டி ஒட்டுப்போட்ட தார், மழை முடிந்ததும் வாய் திறக்கும் பள்ளங்கள், போதாததற்கு ஸ்பீட் பிரேக்கர்கள். ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் 1988ல் வழிகாட்டியது. தெருக்களில் இருக்கும் பல மேடுகள் அதைவிட மிகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. காரை இறக்கினால் முதலில் உரசுவது அங்கேதான்.

இன்னொரு விஷயம். ஸ்பிரிங் 38 சதவீதம் இறுகினால், பழைய ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 15 சதவீதம் குறைந்துவிடும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியவர்கள் "கார் குதிக்கிறது" என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஷாக்கைச் சோதிக்க செல்போன்

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பை செல்போனில் டவுன்லோட் செய்யுங்கள். முன் சக்கரத்துக்கு மேலே, பானட் ஓரத்தில் போனை டேப் போட்டு ஒட்டுங்கள். புவியீர்ப்பு நீக்கிய முடுக்கத்தைப் பதிவு செய்யும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் அந்த மூலையை நான்கு முறை தாளத்தோடு அமுக்கிவிட்டுக் கையை எடுக்கட்டும். பதிவை எக்செல் ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கால்க்கில் மேல்-கீழ் திசை முடுக்கத்துக்கு மட்டும் வரைபடம் போடுங்கள்.

கையை எடுத்த பிறகு வரும் அலைகளைப் பாருங்கள். அடுத்த அலை முந்தையதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினால் ஷாக் நன்றாக வேலை செய்கிறது. பாதிக்கு மேல் இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இது தோராயமான சோதனைதான். கார் அசையவே மறுத்தால் ஷாக் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், இறுகிப்போயிருக்கலாம். ஆயில் கசிவையும் பாருங்கள்.

எதை, எந்த வரிசையில் மாற்றுவது?

* முதலில் டயர், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட். பழைய காரில் பாதிச் சத்தமும் ஆட்டமும் இவற்றால்தான்.
* அடுத்து ஷாக் அப்சார்பர். இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.
* பிறகு வீல் அலைன்மென்ட். இதைச் செய்யாவிட்டால் புது டயர் ஒரு பக்கம் தேய்ந்துவிடும்.
* இத்தனைக்குப் பிறகும் வளைவில் கார் அதிகம் சாய்ந்தால் மட்டும் ஸ்பிரிங்கைப் பற்றி யோசியுங்கள். புது ஸ்பிரிங்கின் அளவுகளை வாங்கும் முன்பே கால்க்கில் போட்டுப் பாருங்கள்.

காரை இறக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடும் வழக்கம் உண்டு. நம் உதாரணத்தில் 4ஐ 3 ஆக்கிப் பாருங்கள், 33 சதவீதம் இறுகும். அதைவிட ஆபத்து, வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம்.

மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது வண்டியைச் சோதிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் ஒர்க்‌ஷீட்டைக் காரின் பெயரிலேயே சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் "ஸ்பிரிங் மாத்திடலாம் சார்" என்று சொன்னால், அந்த எண்களைக் காட்டிப் பேசுங்கள்.