தடுப்பூசியால் தோள் முடங்கினால் நஷ்ட ஈடு கேட்கலாமா?

வணிகப் பெருமக்களுக்குக் கல்லாப் பெட்டிக்கு முந்திய மூலதனம் தோள். சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மூட்டை புரட்டுகிறவர், நாமக்கல்லில் முட்டை அட்டை அடுக்குகிறவர், விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குகிற சிறு மளிகைக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

தகரம் கிழித்தால், நாய் கடித்தால் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஒன்றிரண்டு நாள் கை வலிப்பதும் இயல்பே. ஆனால் சிலருக்கு மாதக் கணக்கில் கையைத் தூக்க முடிவதில்லை. தோளின் மேல் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப் பற்றில் இறங்க வேண்டிய ஊசி, அதற்கு மேலே மூட்டை ஒட்டிய திரவப் பையில் இறங்கிவிடுவதே இதற்குக் காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதாவது குற்றம் மருந்தில் இல்லை, போட்ட கையில். வழக்குக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, தடுப்பூசி மீது வசூலாகும் வரியைக் கொண்டே ஒரு நஷ்ட ஈட்டு நிதி இயங்குகிறது. 2017இல் தோள் காயத்தையும் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலோ, கொரோனா தடுப்பூசி மரணங்கள் பற்றிய வழக்கில் மத்திய அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தந்த பதில், நஷ்ட ஈட்டுக்குத் தான் பொறுப்பல்ல, பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்தையோ நுகர்வோர் மன்றத்தையோ நாடலாம் என்பதே.

நுகர்வோர் மன்றத்தின் கதவு 1995 நவம்பரில் வந்த வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பால் தெளிவாகத் திறந்தது. பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை, நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவை. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை அதில் வராது. அனுமதிச் சீட்டுக்கு வாங்கும் சிறு தொகையும் கட்டணம் ஆகாது. அங்கே போட்ட ஊசிக்கு சிவில் நீதிமன்றம்தான். இ.எஸ்.ஐ. மருத்துவமனை மட்டும் விலக்கு: சந்தா கட்டுவதால் அங்கே சிகிச்சை பெறும் தொழிலாளியும் நுகர்வோரே என்று 2007இல் தீர்ப்பாயிற்று.

தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறோமே, ரசீது வாங்குகிறோமா? நம்மிடம் பில் கேட்கும் வாடிக்கையாளரை முகம் சுளித்துப் பார்த்த பழக்கம் இங்கே நம்மையே கடிக்கிறது. ரசீதில் தேதி, மருந்தின் பெயர், முடிந்தால் அதன் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். வலி விடாவிட்டால் "தானாகச் சரியாகும்" என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தாமல், உடனே ஒரு மருத்துவரிடம் காட்டி, எந்தத் தோள், எப்போது வலி தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் தானாகவே வருவதுண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். ஊசிக்கு முன் தோள் நன்றாக இருந்தது என்பதற்கும் மறுநாளே வலி வந்தது என்பதற்கும் அந்தச் சீட்டே சாட்சி. ஸ்கேன் படமும், எலும்பு மருத்துவரின் கருத்தும் துணை நிற்கும். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், தோள் விஷயத்தில் அது இல்லாமல் போவது துணிச்சல்தான்.

வருமான இழப்பையும் கேட்கலாம். ஆனால் கணக்கில் காட்டாத வருமானத்தை ஆணையத்தில் காட்ட முடியாது. வருமான வரி, ஜி.எஸ்.டி. தாக்கல், கூடுதலாக வைத்த ஆளுக்குக் கொடுத்த கூலியின் வவுச்சர் இவைதான் அங்கே பேசும்.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் கொடுத்த கட்டணத்தை வைத்தே எந்த ஆணையம் என்று தீர்மானிப்பார்கள். ஊசிக்குக் கொடுத்தது நூறு ரூபாய் என்றால், கேட்பது பத்து இலட்சமானாலும் மாவட்ட ஆணையமே. மனுக் கட்டணமும் இல்லை. ஊசி கோயம்புத்தூரில் போட்டிருந்தாலும், நாமக்கல்லில் குடியிருப்பவர் நாமக்கல்லிலேயே மனுச் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டத்தில் இடமுண்டு என்றாலும், கடை வேலை அதிகம் என்பதை ஆணையம் காரணமாக ஏற்கும் என்று நம்ப வேண்டாம்.