பேரேடும் புதிய ஏவலாளும்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா அங்கத்தினர் பேரேட்டைத் திறக்கிறார். ஒரே பெயரில் இருவர் இருப்பின், பழைய ஊழியரைக் கேட்டுத் தெளிகிறார். செயற்கை அறிவு ஏஜெண்டு அவ்வாறு கேட்கும் என்று நம்புவதற்கில்லை. ஏஜெண்டு என்றவுடன் தரகரை நினைக்க வேண்டாம். ஏவிய வேலையைத் தானே தொடர்ந்து செய்யும் கணினி நிரல் அது. வாடிக்கைக் கம்பெனிகளின் பட்டியலைத் தரும் மென்பொருள் கருவியை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை, கருவியுடன் எழுதப்பெற்ற விளக்கத்தைக் கொண்டே அது தீர்மானிக்கிறது.

இவ்விணைப்புக்கான பொது நெறியொன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பது அதன் பெயர். கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்கு அளிக்க வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை எழுதிவைக்க அந்நெறி இடம் வகுத்துள்ளது.

விளக்கம் எழுதுவோர் மூன்று செய்திகளை விடலாகாது. முதலாவது, ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிய தனி எண். ஒத்த பெயர்கள் மயக்கும்போது அதுவே துணை. இரண்டாவது, பட்டியல் பகுதி பகுதியாக வருமாயின், அடுத்த பகுதியைக் கேட்கும் முறை. இன்றேல், முதல் 50 பெயர்களைக் கண்ட ஏஜெண்டு 51ஆவது கம்பெனியே இல்லையெனக் கூறிவிடக்கூடும். மூன்றாவது, வியாபாரத்தை நிறுத்திக்கொண்ட கம்பெனிகளும் பட்டியலில் அடங்குமா என்பது.

'படிக்க மட்டும்' என்று குறிக்கவும் அந்நெறியில் வழியுண்டு. ஆனால் அது குறிப்பேயன்றிப் பூட்டு அன்று. யார் எதைக் காணலாம் என்பதற்குக் காவல் தனியே வேண்டும்.

தவறான கம்பெனிக்குச் சரக்குச் சென்றால் நட்டமடைவது யந்திரமன்று. அதனை உழைத்து உண்டாக்கியவரே. ஆதலின், அந்த நாலு வரி விளக்கத்தையும் பேரேடு எழுதும் அதே கவனத்துடன் எழுதுதல் கடமையாகும்.